உருமாற்றம் எதுவரை?

ஒன்று மற்றொன்றாக மாறும் என்று ஒரு விதி சொன்னால், அது எந்த அளவுக்கு மாறும் என்பதையும் அதே விதி சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், அந்த இடைவெளியை யாரேனும் நிரப்பத்தான் செய்வார்கள். நிரப்புகிறவர் யார், எந்த உரிமையில் நிரப்புகிறார் என்ற கேள்வி சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உரியதன்று. உலகெங்கும் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டில், பெரும்பாலும் தன்னார்வலர்களான ரசிகர்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். ஒப்பந்தங்களையும் விதித்தொகுப்புகளையும் வாசித்துத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அவர்கள் செய்திருக்கும் வேலை எனக்கு வியப்பளிக்கிறது. ஓரிரு இடங்களில் அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடும் உண்டு.

விளையாட்டின் பெயர் போக்கிமான். ஜப்பானில் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்க, நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. விதவிதமான விநோத உயிர்களைப் பிடித்து, பழக்கி, மற்றவருடைய உயிர்களோடு மோதவிடுவதே ஆட்டம். முதல் பதிப்பில் இருந்த உயிர்கள் 151. அவற்றுள் 132ஆம் எண்ணுக்குரியது டிட்டோ. பிசைந்து வைத்த மாவு உருண்டைக்குக் கண்ணும் வாயும் வரைந்தாற்போல் இருக்கும். அதற்குத் தெரிந்த உத்தி ஒன்றே ஒன்றுதான்: உருமாற்றம். எதிரில் நிற்பதைப் போலவே தானும் ஆகிவிடும். விளையாட்டுக்குள் அந்த உத்திக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் ஓரிரு வரிகளைத் தாண்டாது. சிக்கல் முழுவதும் அந்த வரிகளுக்கு வெளியே கிடக்கிறது.

ரசிகர்கள் நடத்தும் களத்தின் பெயர் போக்கிமான் ஷோடவுன். 2011இல் தொடங்கிய இத்தளத்தில் உயிர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அணியைத் தட்டச்சு செய்துவிட்டு நேரே சண்டைக்குப் போகலாம். அதன் நிரல் திறமூலமாக வெளியிடப்பட்டுள்ளது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தம் அனுப்பலாம். 2004 முதல் இயங்கிவரும் ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பு, எவற்றை அனுமதிப்பது, எவற்றைத் தடைசெய்வது என்ற போட்டி விதிகளை வகுக்கிறது. மூல நிறுவனம் இந்த இரண்டுக்கும் பொறுப்பன்று. அதாவது, சட்டத்தை இயற்றியவர் ஓரிடத்தில் பேசாமல் இருக்கிறார். அதற்கு உரை எழுதி, அந்த உரையின்படி தீர்ப்பும் வழங்குகிறவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

நளன் கதையைப் படித்தவர்களுக்கு டிட்டோவின் சிக்கல் புதிதாகத் தோன்றாது. சுயம்வர மண்டபத்தில் தேவர்கள் நளனின் உருவத்தோடு வரிசையாக அமர்ந்திருந்தபோது, தமயந்தி பார்த்தது முகத்தையன்று. இமைக்கும் கண் எது, நிலத்தில் தோயும் கால் எது, வாடும் மாலை எது என்று பார்த்தாள். உருவம் முழுதும் பெயர்க்கப்பட்ட பிறகும் பெயர்க்கப்படாமல் எஞ்சியவை எவை என்பதே அவள் கேட்ட கேள்வி. டிட்டோவைக் குறித்துக் கேட்க வேண்டியதும் அதுவே.

எஞ்சுவனவற்றுள் முதலாவது உயிர்ப்புள்ளி. டிட்டோ எதிரியின் தாக்கும் திறன், தாங்கும் திறன், வேகம் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் எத்தனை அடி வாங்கினால் விழும் என்ற கணக்கு மட்டும் அதனுடையதாகவே இருக்கும். நவீனப் பதிப்புகளில், நூறாம் நிலையில் டிட்டோவுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச உயிர்ப்புள்ளி 300. உயிர்ப்புள்ளிக்குப் பேர்போன பிளிஸ்ஸிக்கு அதே நிலையில் 714. டிட்டோ பிளிஸ்ஸியாக மாறினால், பார்வைக்கு இரண்டு பிளிஸ்ஸிகள்; ஒன்றின் உயிர் மற்றதன் பாதிக்கும் குறைவு.

அடுத்தது நிலை, அதாவது லெவல். டிட்டோ அதை எடுத்துக்கொள்வதில்லை. திறன் எண்கள் எதிரியின் நிலையில் கணக்கிடப்பட்டவை. சேதக் கணக்கில் நுழையும் நிலை மட்டும் டிட்டோவுக்கே உரியது. இரு தரப்பும் ஒரே நிலையில் ஆடும் போட்டியில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. உயிர்களின் வலிமைக்கேற்ப வெவ்வேறு நிலைகளைத் தந்து ஆடவிடும் முறைகளில்தான், ஏன் நம் அடி கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ விழுகிறது என்று புதியவர் குழம்புவார்.

மூன்றாவது, கையில் வைத்திருக்கும் பொருள். அது மாறுவதில்லை. போட்டியாளர்கள் டிட்டோவை விரும்புவதற்குக் காரணமே இதுதான். 2010இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பதிப்புகளில் டிட்டோவுக்கு இம்போஸ்டர் என்ற இயல்பு சேர்ந்தது. அதன்பின் உத்தியைப் பயன்படுத்தக்கூட வேண்டாம். களத்தில் கால் வைத்ததுமே உருமாறிவிடும். அதன் கழுத்தில் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற துண்டையும் கட்டிவிட்டால், நகல் அசலைவிட வேகமாக ஓடும். கியாரடோஸ் என்ற கடற்பாம்பு இரண்டு மூன்று முறை நடனமாடித் தன் தாக்குதலையும் வேகத்தையும் ஏற்றிக்கொண்டு, எதிரணியைத் துடைத்தெறியத் தயாராக நிற்கிறது என்று கொள்வோம். டிட்டோ உள்ளே வருகிறது. அந்த ஏற்றங்களையும் சேர்த்தே நகலெடுக்கிறது. கியாரடோஸுக்கு எதிரியை மிரட்டித் தாக்குதலைக் குறைக்கும் இயல்பு இருந்தால், அந்த இயல்பும் டிட்டோவுக்கு வந்து, வந்த கணமே அசலை மிரட்டுகிறது. பிறகு துண்டின் தயவால் முந்திக்கொண்டு அடிக்கிறது. பாடுபட்டு வளர்த்த வலிமை பகைவன் கைக்குப் போவதைப் பார்க்கும் ஆட்டக்காரரின் முகத்தை நான் சில முறை நேரில் கண்டிருக்கிறேன். விளையாட்டில் இதைவிடச் சுவையான தருணங்கள் குறைவு.

உத்திகளிலும் ஒரு வரம்பு உண்டு. நகலெடுத்த ஒவ்வோர் உத்தியையும் பொதுவாக ஐந்து முறைதான் பயன்படுத்த முடியும். அசலுக்கு இருபது, முப்பது முறை கிடைத்தாலும் நகலுக்கு ஐந்தே.

இதுவரை சொன்னவை ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லாதவை. உண்மையான குழப்பம் முதல் தலைமுறையில் இருக்கிறது. அங்கே விதிக்கும் பிழைக்கும் எல்லைக்கோடே இல்லை.

வாதத்தால் செயலிழந்த உயிருக்கு அந்தப் பதிப்பில் வேகம் கால் பங்காகக் குறையும். தீக்காயம் பட்டதற்குத் தாக்கும் திறன் பாதியாகும். டிட்டோ எதிரியின் நோயை நகலெடுப்பதில்லை. ஆனால் முதல் தலைமுறையில், நோயால் குறைந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறது. வாதமுற்ற எதிரியாக மாறிய டிட்டோவுக்கு வாதம் கிடையாது. வாதத்தின் தளர்ச்சி உண்டு. காரணம் எளியது. அந்தப் பழைய நிரலில், நோயின் விளைவு திறன் எண்ணிலேயே கழிக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உருமாற்றம் சேமிக்கப்பட்ட எண்ணைத்தான் படிக்கிறது. அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

இதைவிட விசித்திரமானது, உக்கிர அடி என்று நான் தமிழில் சொல்லிக்கொள்ளும் அரிய தாக்குதல். வழக்கமாக அது ஏறக்குறைய இரட்டிப்புச் சேதம் தரும். முதல் தலைமுறையில் உக்கிர அடி விழும்போது, இடையில் நேர்ந்த ஏற்ற இறக்கங்களை ஒதுக்கிவிட்டு, அசல் எண்களைக் கொண்டு சேதம் கணக்கிடப்படுகிறது. இந்த அசல் எண்களை நிரல் எங்கிருந்து எடுக்கிறது? களத்தில் நிற்பவரின் ஏட்டிலிருந்து அன்று; அணிப் பட்டியலின் ஏட்டிலிருந்து. உருமாற்றம் களத்து ஏட்டைத்தான் மாற்றியிருக்கிறது. பட்டியலில் டிட்டோ இன்னமும் டிட்டோதான். ஸ்னோர்லாக்ஸாக மாறிய டிட்டோ நூறாம் நிலையில் 318 என்ற தாக்கும் திறனோடு அடித்துக்கொண்டிருக்கலாம். உக்கிர அடி விழும் அந்த ஒரு கணத்தில் மட்டும், அதன் சொந்தத் திறன் திரும்பி வந்துவிடும். அது மிஞ்சிப்போனால் 194. இரட்டிப்பாக விழ வேண்டிய அடி சற்றே கூடுதலான அடியாகச் சுருங்குகிறது. தேவனின் கால் நிலத்தில் தோயாதது தெரிந்துவிடுவதைப் போல, மிக உயர்ந்த தருணத்தில் வேடம் கலைகிறது.

இது வடிவமைப்பாளர் நினைத்துச் செய்ததா, நினையாமல் நேர்ந்ததா? என் ஊகம், நினையாமல் நேர்ந்தது. ஆனால் ரசிகர் களம் அந்தக் கேள்விக்குள் போகவே மறுக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்ன செய்கிறதோ அதுவே விதி என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. பழைய விளையாட்டின் நிரலை ரசிகர்கள் வரிவரியாகப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். ஐயம் வந்தால் அதைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க முடியாத புதிய பதிப்புகளில், கருவியில் திரும்பத் திரும்ப ஆடிப்பார்த்துப் பதிவு செய்கிறார்கள். முதல் தலைமுறையில், தவறவே தவறாது என்று எழுதப்பட்ட உத்திகளும் 256இல் ஒரு முறை தவறும். ஓர் ஒப்பீட்டில் சமமாக இருந்தாலும் போதும் என்று எழுத வேண்டிய இடத்தில், குறைவாக இருந்தால் மட்டும் என்று எழுதியதன் விளைவு அது. ஷோடவுன் அந்தப் பிழையையும் விடாமல் பின்பற்றுகிறது.

நீதிமன்றங்களின் நடைமுறையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க முடியவில்லை. ஒன்றை மற்றொன்றாகக் ‘கருத வேண்டும்’ என்று சட்டம் சொல்லும் இடங்கள் உண்டு. இதைச் சட்டப் புனைவு என்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தத்துப்பிள்ளையைத் தத்தெடுத்த நாள் முதல் எல்லா வகையிலும் புதிய பெற்றோரின் பிள்ளையாகவே கருதச் சொல்கிறது. உடனே விலக்குகளையும் சொல்கிறது. பிறந்த குடும்பத்தில் யாரை மணக்க முடியாதோ அவர்களை இப்போதும் மணக்க முடியாது. தத்துக்கு முன்பே அப்பிள்ளைக்கு உரிமையாகிவிட்ட சொத்து பிள்ளையிடமே இருக்கும். அந்தப் பிரிவை எழுதியவர், உருமாற்றத்தின் உயிர்ப்புள்ளியையும் கையிலுள்ள பொருளையும் மறக்காதவர். விலக்குகள் எழுதப்படாத இடங்களில்தான் வழக்கு வளர்கிறது. புனைவை அதன் தருக்க முடிவுவரை கொண்டு செல்ல வேண்டும் என்று 1953இல் பாண்டுரங்க விநாயக் வழக்கிலும், எந்த நோக்கத்துக்காகப் புனையப்பட்டதோ அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் சரி, இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் அன்றாடத் தொல்லை. கணினிக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ஏற்கெனவே ஓரிடத்தில் நின்றுவிட்டது. எங்கே என்று கண்டுபிடிப்பதே மிச்சம்.

ஆனால் கருவி நின்ற இடமும் பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்திருக்கிறது. ‘டிட்டோ இப்படித்தான்’ என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், எந்தத் தலைமுறையில் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. சப்ஸ்டிட்யூட் என்ற உத்தி, உயிரில் ஒரு பங்கைக் கொடுத்து முன்னால் ஒரு பொம்மையை நிறுத்தும். நான்காம் தலைமுறைவரை அந்தப் பொம்மைக்குப் பின்னால் நிற்பதையும் டிட்டோவால் நகலெடுக்க முடிந்தது. ஐந்தாம் தலைமுறை முதல் முடியாது. ஏற்கெனவே உருமாறி நிற்கும் ஒன்றாக மாறுவது முதல் தலைமுறையில் முடியும். இரண்டாவது முதல் முடியாது. ஒரு முறை உருமாறிய பின் மீண்டும் வேறொன்றாக மாறுவதை ஐந்தாவது தலைமுறைதான் தடுத்தது.

ஐந்தாம் தலைமுறையில் வந்த ஸோரோஆர்க் என்ற நரி வேறொரு தந்திரம் செய்யும். தன் அணியில் கடைசியாக நிற்பதன் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு களத்துக்கு வரும். டிட்டோ அதற்கு எதிரே வந்தால் எதுவாக மாறும்? தோற்றத்தில் தெரிவதாகவா, உள்ளே இருக்கும் நரியாகவா? இரண்டும் இல்லை, உருமாற்றமே நடக்காது. மாவு உருண்டையாகவே நிற்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: டிட்டோ மாறாமல் நிற்பதே, எதிரில் இருப்பது வேடதாரி என்று சொல்லிவிடுகிறது. விதியின் தோல்வி ஒரு துப்பாகிறது. பொம்மை முன்னால் இல்லாமலும் டிட்டோ மாறவில்லையென்றால் அனுபவசாலி உடனே நரியை நினைப்பார்.

பொம்மை விதி ஒரு நட்பைக் கெடுக்கப் பார்த்ததை நான் அறிவேன். எனக்குத் தெரிந்த அலுவலக இளைஞர்கள் சிலர், விடுமுறை நாளொன்றில் தங்களுக்குள் ஒரு சிறு போட்டித்தொடர் நடத்தினார்கள். பரிசு ஒரு புத்தகக் கூப்பன்தான். இறுதி ஆட்டத்தில் ஒருவர் தம் டிட்டோவைக் கடைசி நம்பிக்கையாக இறக்கினார். எதிரில் பொம்மை நின்றது. டிட்டோ மாறவில்லை, அடுத்த அடியில் விழுந்தது. எதிரில் நிற்பதாக மாறும் என்றுதானே விளையாட்டு சொல்கிறது, பொம்மையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, தளம் ஏமாற்றுகிறது என்றார் அவர். சிறுவயதில் பழைய பதிப்பில் பொம்மைக்குப் பின்னால் இருந்ததை நகலெடுத்த நினைவு அவருக்கு இருந்தது. அந்த நினைவு பொய்யன்று. வென்றவரோ, தளம் சொன்னதே தீர்ப்பு என்றார். நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. ஆடிய தலைமுறையில் கருவி எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே தளமும் நடந்துகொண்டது, ஆகவே முடிவு நிற்கும் என்றேன். தோற்றவரின் மனக்குறை தோல்வியைப் பற்றியதன்று. ஆட்டத்துக்கு முன் அந்த விதி எங்கே எழுதியிருந்தது என்பதே அவர் கேட்டது. அதற்குத் தளத்தின் நிரலைச் சுட்டிக்காட்டுவது பதிலாகாது.

ரசிகர் களத்தோடு நான் மாறுபடும் இடம் இதுதான். நிரல் திறந்திருக்கிறது என்பது பெரிய நேர்மை; ஐயமில்லை. ஆனால் திறந்திருப்பது வேறு, விளங்குவது வேறு. உருமாற்றம் எப்போதெல்லாம் தோற்கும் என்பது நிரலில் ஒரே மூச்சில் அடுக்கப்பட்ட நிபந்தனைகளாக இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது தெளிவின் உச்சம். மற்றவர்களுக்குத் தோற்ற பிறகுதான் தெரியவரும். விதியைத் தோல்வியால் கற்பது விளையாட்டில் ஓரளவு இயல்பே. பரிசும் தரவரிசையும் ஒட்டிக்கொண்டவுடன் அது நியாயக் குறைவாகிறது.

விளக்கச் சொற்கள் இருந்தும் குழப்பம் தீராத இடமும் உண்டு. இம்போஸ்டர் இயல்பு, ‘எதிரே’ நிற்பதாக மாற்றும். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது எதிரே என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு தரப்பிலும் இருவர் நிற்கும் இரட்டைச் சண்டையில் எதிரே இருவர் இருக்கிறார்களே? வலிமையானதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. உண்மையில் தேர்வே கிடையாது. நேர் எதிரில், அதே கோட்டில் நிற்பதாகத்தான் மாறும். அந்த இடம் காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பதன்மேல் பாயாது, மாறாமலே நிற்கும். உத்தியாகப் பயன்படுத்தும் உருமாற்றத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆட்டக்காரர் இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே செயலுக்கு இரு வாசல்கள், ஒவ்வொன்றிலும் வேறு பூட்டு. இதை அறிந்த எதிராளி, தன் வலிமையான உயிரை டிட்டோவுக்கு நேர்க்கோட்டில் வைக்கமாட்டார்.

2013இல் மெகா பரிணாமம் வந்தபோது புதிய கேள்வி பிறந்தது. குறிப்பிட்ட கல்லை வைத்திருந்தால் சில உயிர்கள் சண்டைக்கு நடுவே மெகா வடிவம் எடுக்கும். அந்தக் கல்லை டிட்டோவிடம் கொடுத்து, உரிய உயிராக மாறவும் வைத்தால்? மெகா வடிவம் கிட்டாது. கல் இருக்கிறது, உருவம் இருக்கிறது, ஆனால் பிறப்பு இல்லை. அதேவேளை, எதிரி ஏற்கெனவே மெகா வடிவத்தில் நின்றால், அந்த வடிவத்தை டிட்டோ தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஒன்பதாம் தலைமுறையின் டெரா மாற்றத்தில் நிலைமை வேறு. எதிரி டெராவால் பெற்ற வகை நகலாகாது, அதற்கு முந்தைய வகைகளே நகலாகும். டிட்டோ தன் சொந்த டெரா வகையைத் தனியே வைத்துக்கொள்ளும். 2023இல் வந்த ஓகர்பான் இதற்கு ஒரு விலக்கு. டிட்டோ ஓகர்பானாக மாறினால் அந்த வேடத்தில் இருக்கும்வரை டெரா மாற்றமே செய்ய முடியாது. பொது விதிக்கு ஓர் உயிரின் பெயரைச் சொல்லி விலக்கு எழுதுவதைப் பார்க்கும்போது, திருத்தச் சட்டங்களைப் படிக்கும் உணர்வு எனக்கு வருகிறது.

கருவியே விதி என்ற கொள்கை எங்கே முறியும் என்பதையும் டிட்டோவே காட்டுகிறது. முதல் தலைமுறையில் இரு தரப்பிலும் டிட்டோ மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தெரிந்தது உருமாற்றம் ஒன்றுதான். ஒன்று மற்றதாக மாறும். மாறும்போது உருமாற்ற உத்தி ஐந்து முறைப் பயன்பாட்டோடு புதிதாகக் கிடைக்கும். அடுத்ததும் அப்படியே செய்யும். ஒவ்வொரு முறையும் கணக்கு மீண்டும் ஐந்துக்கு வந்துவிடுவதால், எவருக்கும் உத்தி தீராது, எவரும் விழமாட்டார்கள். ஆட்டம் முடிவே இல்லாமல் ஓடும். கருவி அதைத் தடுக்காது. யாரேனும் மின்கலத்தைக் கழற்றினால்தான் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஆடும் ஒரு தளம் அப்படி விட முடியாது. பிற்காலத்தில் ஸ்லோப்ரோ என்ற உயிரைக் கொண்டு, எதிரியை வெளியேறவிடாமல் பூட்டி, அதன் உயிரை நிரப்பிக்கொண்டே, ஆட்டத்தை மணிக்கணக்கில் இழுத்து எதிராளியைச் சலிப்பால் விலகச் செய்த குறும்பர்களும் தோன்றினார்கள். முடிவில்லாச் சண்டைக்கு எதிரான விதி அதனால்தான் வந்தது. அது கார்ட்ரிட்ஜில் இல்லாத விதி. ரசிகர்கள் எழுதியது.

கருவியே இரண்டு பட்டு நிற்கும் இடமும் உண்டு. கேம் பாய்கள் இரண்டைக் கம்பியால் இணைத்து ஆடும்போது, சண்டையை ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கணக்கிடுகிறது. சைவேவ் என்ற உத்தியின் சேதம் தற்செயலாக அமைவது. தன் ஆட்டக்காரர் அதைப் பயன்படுத்தினால் கருவி சுழியத்தை ஏற்காது, மறுபடி எண்ணெடுக்கும்; எதிராளி பயன்படுத்தினால் சுழியத்தையும் ஏற்கும். அந்தச் சுழியம் விழும் கணத்தில் இரண்டு திரைகளும் பிரிந்துபோகின்றன. அதன்பின் இருவரும் இரு வேறு சண்டைகளை ஆடிக்கொண்டிருப்பார்கள். கார்ட்ரிட்ஜ் சொல்வதே விதி என்றால், எந்தக் கார்ட்ரிட்ஜ்? ஷோடவுன் அங்கே ஒரு முடிவெடுத்தது: பிளவு நேரக்கூடிய கணத்தில் அந்த உத்தி தோற்றதாகக் கொள்ளப்படும். இந்த விலகல் கமுக்கமாகச் செய்யப்படவில்லை. ஆட்ட முறையின் விதிப் பட்டியலில், மூலத்திலிருந்து மாற்றப்பட்டது என்ற அடையாளத்தோடு பெயரிட்டு வைக்கப்பட்டுள்ளது. மறுபுறம், டிக், ஃப்ளை ஆகிய இரு உத்திகளால் முதல் தலைமுறையில் யாராலும் அடிக்க முடியாத நிலை ஏற்படும் பிழையைக் கண்டபோது, பிழையைத் திருத்தவில்லை. அவ்விரு உத்திகளையும் போட்டியிலிருந்து விலக்கினார்கள். கருவியின் நடத்தையைத் தொடாமல் ஆட்டக்காரரின் தேர்வை மட்டும் கட்டுப்படுத்தும் வழி இருக்கும்போது அந்த வழி. அதுவும் இல்லாதபோது மட்டும் மாற்றம், அதுவும் பெயர் சொல்லி. விதி எழுதும் பெரிய இடங்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை.

அந்த இளைஞர்கள் அடுத்த போட்டித்தொடரை நடத்தும் முன், ஒரு பக்கத்தில் விதிகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். எந்தத் தலைமுறையின் விதிகளில் ஆடுகிறோம் என்பது முதல் வரி. உருமாற்றம் எவற்றை எடுக்கும் என்பதற்கு இரண்டு வரிகள் போதுமாயின; எவற்றை எடுக்காது, எப்போது நடக்காது என்பதற்கு ஒன்பது வரிகள் ஆயின. பொம்மை அதில் நான்காவது. தோற்ற இளைஞர் அதை வாசித்துவிட்டு, ஸோரோஆர்க் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அதை எதிராளிகள் தாமாகவே கண்டுபிடிக்கட்டுமே என்றார். நான் எடுக்கவில்லை.